ஏற்காட்டில் ஒரு எடிட் ரூம்: மேக்கா, விண்டோஸா, லினக்ஸா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஏழு வருடம் டயலாக் எடிட்டராக இருந்தவர். கணவருக்கு மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு ஏற்காடு வந்துவிட்டார். பழகிய இரண்டு ஸ்டூடியோக்காரர்கள், "அங்கிருந்தே செய்து அனுப்பும்மா, வேலை தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். வெப் சீரிஸ், சின்ன பட்ஜெட் படங்கள், ஆவணப்படங்கள் ஆகியவற்றில் வசனத்தைச் சுத்தம் செய்வது, டப்பிங்கை உதட்டோடு பொருத்துவது, ட்ராக் அடுக்கித் திருப்பி அனுப்புவது என்று வேலை. இரண்டு இடத்திலும் ப்ரோ டூல்ஸ் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள், இரண்டு இடத்திலும் மேக். இவரிடம் இருப்பது 2017-ல் வாங்கிய, இன்டெல் 7-ஆம் தலைமுறை ஐ5 போட்ட விண்டோஸ் லேப்டாப், சென்னையில் வாங்கிய சின்ன ஸ்பீக்கர் ஜோடி, ஒரு நல்ல ஹெட்ஃபோன், ஒன்றே முக்கால் லட்சம் சேமிப்பு.

என்ன வாங்குவது என்பதில் வீட்டில் மூன்று கட்சி. பழைய சீனியர், மேக் இல்லாமல் தொழிலே கிடையாது என்கிறார். தன்னுடைய 2019 ஐமேக்கை ஐம்பத்தைந்தாயிரத்துக்குத் தருகிறாராம். சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கொழுந்தனார், "அண்ணி, அந்தக் காசுக்கு ஐ9, 64 ஜிபி, நல்ல கிராபிக்ஸ் கார்டோடு கட்டித் தருகிறேன், எல்லா சாஃப்ட்வேரும் ஏற்றியே தருகிறேன்" என்கிறார். கல்லூரியில் படிக்கும் நாத்தனார் மகன், லினக்ஸும் ரீப்பர் என்ற ஒலி மென்பொருளும் போதும், செலவே இல்லை என்கிறான். வளையல்களை அடகு வைத்தால் மூன்று லட்சம் வரை புரட்டலாம், அதோடு அட்மாஸ் என்ற சுற்றொலி முறைக்கும் சேர்த்தே வாங்கிவிடலாமா என்பது கேள்வி. கூடவே ஒரு வரி: "ஸ்டூடியோவில் எந்த வெர்ஷன், என்ன பிளக்-இன் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஏழு வருஷம் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா என்று நினைப்பார்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் சொல்லும் வேலைக்கு மூன்று லட்சம் தேவையில்லை. ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் ஏற்கெனவே இருக்கும்போது ஒன்றரை லட்சத்துக்குள் முடித்துவிடலாம்.

கூச்சப்பட்ட அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். நீங்கள் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கவில்லை, இரண்டு ஸ்டூடியோக்களின் வேலை வரிசையில் நடுவில் ஒரு இடத்தில் உட்காரப்போகிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு படத்தொகுப்பாளர், உங்களுக்குப் பின்னால் ஒரு மிக்ஸிங் இன்ஜினியர். அவர் கொடுப்பது உங்களிடம் திறக்க வேண்டும், நீங்கள் கொடுப்பது இவரிடம் திறக்க வேண்டும். எந்த மெஷின் என்பதற்கான பதிலில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது. ப்ரோ டூல்ஸில் எந்த வெர்ஷன், ஆர்டிஸ்ட், ஸ்டூடியோ, அல்டிமேட் என்ற சந்தா நிலைகளில் எது, வசனத்தைச் சுத்தம் செய்ய எந்த பிளக்-இன் (ப்ரோ டூல்ஸுக்குள் செருகும் துணை மென்பொருள்), படம் எந்த ஃபார்மட்டில் வரும், ஏஏஎஃப் (படத்தொகுப்பிலிருந்து ஒலியை வெட்டுகளோடு எடுத்து வரும் ஃபைல்) தருவார்களா, திருப்பி அனுப்பும்போது பிளக்-இன்னோடு வேண்டுமா அல்லது ரெண்டர் செய்தே வேண்டுமா என்றெல்லாம் எழுத்தில் கேளுங்கள். இப்படிக் கேட்கிறவரைத்தான் மிக்ஸிங் இன்ஜினியர்கள் நம்புவார்கள். கேட்காமல் வேலையை எடுத்து, மிக்ஸ் அன்று காலையில் செஷன் (ப்ரோ டூல்ஸில் செய்த வேலையின் ஃபைல்) திறந்ததும் பாதி பிளக்-இன் செயலிழந்து நிற்கும்போதுதான், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார்கள்.

‘மேக்கில் சத்தம் சுத்தமாக வரும்’

வராது. அதாவது, கூடுதல் சுத்தமாக வராது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவான ஒரு வசனம் இரண்டு மெஷினிலும் அதே எண்களின் வரிசைதான். சந்தேகமிருந்தால் ஒரே செஷனை இரண்டிலும் பவுன்ஸ் செய்து (ஒரே ஒலி ஃபைலாக எடுத்து), இரண்டு ஃபைலையும் ஒரே இடத்தில் அடுக்கி, ஒன்றின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையை, தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். தானாக மாறிக்கொண்டே இருக்கும் ரிவெர்ப் மாதிரி சில பிளக்-இன்களைத் தவிர்த்துப் பார்த்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மௌனம்தான் மிஞ்சும். உங்கள் காதுக்கு வரும் ஒலியைத் தீர்மானிப்பது இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்கு ஒலியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் பெட்டி), ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் மேலாக அறை.

சீனியர் சொல்வதற்கு ஒரு பின்னணி உண்டு. ப்ரோ டூல்ஸ் 1991-ல் மேக்குக்குத்தான் வந்தது. விண்டோஸுக்குப் பிறகுதான் வந்தது. அந்தக் காலத்தில் வேரூன்றிய ஸ்டூடியோக்கள் மேக்கிலேயே நின்றுவிட்டன. பழக்கம் நம்பிக்கையாகிவிட்டது. இன்று ஒரே ப்ரோ டூல்ஸ் சந்தா இரண்டு மெஷினிலும் ஓடும், செஷன் ஃபைலும் இரண்டிலும் திறக்கும்.

ஆனால் ‘திறக்கும்’ என்பதற்குள் சில முட்கள் உண்டு. மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸ் தானாகப் படிக்காது, தனி மென்பொருள் வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் பொது. ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதிலேயே செஷனை வைத்து வேலை செய்யாதீர்கள். மேக் வைத்திருப்பவர் ஃபைல் பெயரில் கேள்விக்குறியோ நட்சத்திரக் குறியோ போட்டிருந்தால் விண்டோஸ் அதை ஏற்காது. இதெல்லாம் பெரிய விஷயமில்லை. இரவு பதினொரு மணிக்கு டெலிவரி இருக்கும்போது மட்டும் பெரிய விஷயம்.

அந்த ஐமேக் வேண்டாம்

சீனியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஆப்பிள் பழசைக் கழற்றிவிடுவதில் தயவே பார்க்காது. 2019-ல் கேட்டலினா இயங்குதளம் வந்தபோது 32 பிட் மென்பொருள்கள் அத்தனையும் நின்றன. 2020-ல் இன்டெல்லை விட்டுத் தன் சொந்தச் சிப்புக்கு மாறினார்கள். 2025-ல் வந்த டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசி இயங்குதளம். அதுகூட 2019 ஐமேக்கில் ஏறாது, அது அதற்கு முந்தைய செக்கோயாவோடு நின்றுவிட்டது. ப்ரோ டூல்ஸ் ஒவ்வொரு புது வெர்ஷனிலும் பழைய இயங்குதளங்களை விட்டுக்கொண்டே போகும். இன்று ஐம்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கினால், ஸ்டூடியோக்காரர்கள் வெர்ஷன் மாற்றும் நாளில் உங்களுக்கு மறுபடி செலவு. உங்கள் லேப்டாப்பின் கதையும் அதுதான்: அந்தத் தலைமுறைச் சிப் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

கொழுந்தனாரின் ஐ9

அவர் கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். அது வீடியோ எடிட்டருக்கான கணக்கு. நீங்கள் செய்யப்போகும் வேலையின் எடையைப் பார்ப்போம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு மோனோ ட்ராக், ஒரு நிமிடத்துக்கு 8.64 எம்பி. இருபது நிமிட ரீல் (படத்தின் ஒரு பகுதி) ஒன்றில் 60 ட்ராக் இடைவெளியே இல்லாமல் நிரம்பினாலும் 10 ஜிபி சொச்சம்தான். டயலாக் ட்ராக்கில் பாதிக்கு மேல் வெறுமைதானே. இதற்கு 64 ஜிபி மெமரி அதிகம். ப்ரோ டூல்ஸ் ஒலியைக் கணக்கிட கிராபிக்ஸ் கார்டைத் தேடுவதில்லை, ஆகவே அந்தச் செலவும் வீண். (நாளைக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் படமும் அதிலேயே உள்ள ஃபேர்லைட்டில் ஒலியுமாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் பதில் மாறும். அங்கே கிராபிக்ஸ் கார்டுக்கு நிறைய வேலை உண்டு.)

கோர் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு ட்ராக்கில் ஐந்து பிளக்-இன் வரிசையாகப் போட்டால், முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்க முடியும். அந்த வரிசையை இருபது கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கோரின் வேகமும்தான் உங்களுக்கு முக்கியம். அப்புறம் ஐ9 என்றால் சூடு, சூடு என்றால் ஃபேன் சத்தம். மூச்சுச் சத்தத்தையும் உதட்டுச் சத்தத்தையும் தேடித் தேடி எடுக்கிறவரின் அறையில் ஒரு ஃபேன் இரைந்துகொண்டிருந்தால் எப்படி? தருவது இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை என்றால் இன்னொன்று: அதிக மின்னழுத்தத்தால் அவற்றில் சில நிலைகுலைகின்றன என்று இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டு, திருத்தமும் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்காமல் வாங்கக் கூடாது.

உங்கள் ஸ்டூடியோக்கள் விண்டோஸில் இருந்திருந்தால் தயங்காமல் கொழுந்தனாரிடமே போகச் சொல்லியிருப்பேன். ஐ7 அல்லது ரைசன் 7 தரம், 32 ஜிபி, இரண்டு எஸ்எஸ்டி, சத்தமில்லாத கூலர், அவ்வளவுதான். லேட்டன்ஸிமான் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. அதை அரை மணி நேரம் ஓடவிட்டால் வைஃபை டிரைவரோ கிராபிக்ஸ் டிரைவரோ ஒலியை இடறிவிடுகிறதா என்று காட்டிவிடும். இன்டர்ஃபேஸுக்கு அதன் கம்பெனி தரும் ஆசியோ டிரைவர்தான் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போட வேண்டும். விண்டோஸில் நன்றாக வேலை செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த மெஷினை அப்படி வைத்திருக்க அடிக்கடி ஒரு கை வேண்டும், உங்களுக்கு அந்தக் கை இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கிறது.

இலவசம் இரண்டு வகை

நாத்தனார் மகன் சொல்வது நேர்மையான இலவசம். லினக்ஸில் ஆர்டர் (Ardour) என்கிற ஒலி மென்பொருள் உண்டு, ரீப்பர் நேரடியாகவே ஓடும். ஆனால் ரீப்பர் முழு இலவசமில்லை: 60 நாள் சோதனை, அதற்குமேல் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு 60 டாலர், பெரிய வருமானம் வந்தால் 225 டாலர். அந்தப் பணத்துக்கு அது கொடுப்பது ரொம்ப அதிகம், எனக்குப் பிடித்த மென்பொருளும்கூட. சிக்கல் வேறு இடத்தில். ப்ரோ டூல்ஸ் லினக்ஸில் கிடையாது. வசனத்தைச் சுத்தம் செய்ய உங்கள் துறையில் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் ஐசோடோப் ஆர்எக்ஸும் கிடையாது. படத்தொகுப்பாளர் கொடுக்கும் ஏஏஎஃப்பை ரீப்பர் தானாகத் திறப்பதில்லை, நடுவில் ஒரு மாற்று மென்பொருள் வேண்டும். சொந்தமாக ஆரம்பம் முதல் கடைசி வரை நீங்களே செய்யும் ஆவணப்படம் என்றால் சரி. இந்த இரண்டு ஸ்டூடியோ வேலைக்கு ஆகாது. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள், பையனுக்கும் சந்தோஷம், பாதுகாப்பில்லாத விண்டோஸ் 10-உம் ஒழிந்தது.

கொழுந்தனாரின் ‘ஏற்றியே தருகிறேன்’ இன்னொரு வகை. இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவது குற்றம்: ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். "ஊரே செய்கிறது, யார் வந்து பார்க்கப்போகிறார்கள்" என்பார்கள். சட்டத்தை விடுங்கள், வெளியாகாத ஒரு வெப் சீரிஸின் படமும் ஒலியும் உங்கள் மெஷினில் இருக்கப்போகிறது. கிராக்கோடு என்னென்ன ஏறி வரும் என்று கிராக் போடுகிறவருக்கே தெரியாது. அங்கிருந்து ஒரு காட்சி கசிந்தால், கையெழுத்துப் போட்டவர் நீங்கள், கடைக்காரர் இல்லை. குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வராமல் சொல்ல ஒரு வழி: "தம்பி, ஸ்டூடியோ வேலைக்கு சாஃப்ட்வேர் பில்லோடு இருக்க வேண்டும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன். யுபிஎஸ்ஸும் பேக்கப் டிஸ்க்கும் நீங்கள்தான் பார்த்துத் தர வேண்டும்." பொய்யும் இல்லை, அவர் கடைக்கும் வியாபாரம்.

மலை மேல் வேலை என்றால்

கோடை மழைக்கு முன்னால் சேர்வராயன் மலையில் இடி இறங்கும் விதம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கரண்ட் போவது ஒரு பிரச்சினை, போய்த் திரும்பும்போது வோல்டேஜ் குதிப்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. கட்டாயம் யுபிஎஸ் வேண்டும். இன்வெர்ட்டர் என்றால் சைன் வேவ். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது ஸ்பீக்கரில் ஒரு ‘ங்ங்’ கேட்டுக்கொண்டே இருக்கும், அதைப் பதிவிலேயே இருக்கும் ஹம் என்று நினைத்து மணிக்கணக்கில் ஃபில்டர் போடுவீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், பழைய எஸ்டேட் வீடு என்றால் கட்டாயம். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது; மோடத்தின் அடாப்டரும் லேன் கேபிளும் கடத்தும். இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதற்கு ஈடான கருவி இல்லை.

இந்த இடத்தில்தான் மேக் மினிக்கு என் ஓட்டு போகிறது. எம்4 மேக் மினி சும்மா இருக்கும்போது எடுக்கும் மின்சாரம் ஒரு சின்ன எல்ஈடி பல்பு அளவுதான். வேலை செய்யும்போதும் ஐ9 டெஸ்க்டாப்பின் பசிக்குப் பக்கத்தில் வராது. அதே யுபிஎஸ் பல மடங்கு நேரம் தாங்கும். டயலாக் எடிட்டில் ஃபேன் சத்தமும் அநேகமாகக் கேட்காது. பையில் போட்டுக்கொண்டு சேலம் இறங்கலாம், தேவைப்பட்டால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கே கொண்டுபோகலாம்.

ப்ரோ டூல்ஸ் உரிமத்தைச் சரிபார்ப்பது ஐலாக் என்ற முறை. அதில் ஐலாக் கிளவுட் வேண்டாம், உரிமத்தைத் தாங்கும் சாவி மாதிரியான யூஎஸ்பி ஐலாக் வாங்குங்கள். கிளவுட் என்றால் வேலை செய்யும் நேரமெல்லாம் இணையம் உயிரோடு இருக்க வேண்டும். பனியும் மழையுமான ஒரு மாலையில் இணையம் போனால் மென்பொருளும் நின்றுவிடும்.

ஈரப்பதம் இன்னொன்று. ஹெட்ஃபோன் பஞ்சும் ஸ்பீக்கர் கூம்பும் பூஞ்சை பிடிக்கும். வேலையில்லாத நாளில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். கூரை தகரமோ ஓடோ என்றால் மழை நேரத்தில் ஹெட்ஃபோனில் கிளிக், பாப் எடுப்பதை வைத்துக்கொண்டு, அளவு பார்க்கும் வேலையை மழை விட்டதும் ஸ்பீக்கரில் செய்யுங்கள்.

என்ன வாங்குவது

எம்4 மேக் மினி. 2024-ல் வந்தபோது 16 ஜிபி, 256 ஜிபி ரூ.59,900, 16 ஜிபி, 512 ஜிபி ரூ.79,900, 24 ஜிபி, 512 ஜிபி ரூ.99,900. இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது, அதனால் முடிந்தால் 24. முடியாவிட்டால் 16-லேயே இந்த வேலை நடக்கும். சேமிப்பு இடத்துக்கு ஆப்பிளிடம் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், செஷனை வைக்க வெளியில் இணைக்கும் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினால் போதும். இரண்டு உள், இரண்டு வெளி உள்ள எளிய யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று. ப்ரோ டூல்ஸ் சந்தாவின் நிலை, ஸ்டூடியோக்காரர்கள் சொல்வதைப் பொறுத்து.

படம் பார்க்க வீட்டு டிவியை இணைக்கத் தோன்றும். கவனம். டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றுகிறேன் என்று சில ஃபிரேம் தாமதப்படுத்தும். 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது கிட்டத்தட்ட 42 மில்லி செகண்ட். இரண்டு ஃபிரேம் பின்தங்கிய படத்துக்கு உதடு பொருத்தி அனுப்பினால் சென்னையில் அத்தனை வசனமும் தள்ளிப் போயிருக்கும். டிவியில் கேம் மோட் போடுங்கள், அல்லது ப்ரோ டூல்ஸில் வீடியோ ஆஃப்செட் சரிசெய்யுங்கள், அதுவும் முடியாவிட்டால் சாதாரண மானிட்டர் வாங்குங்கள்.

மேக்கின் இயங்குதளம் தானாகப் புதுப்பிப்பதை முதல் நாளே அணைத்துவிடுங்கள். புது வெர்ஷன் வந்த வாரம் ப்ரோ டூல்ஸ் அதற்குத் தயாராக இருக்காது. ப்ரோ டூல்ஸ் தயாரிக்கும் அவிட் நிறுவனத்தின் தளத்தில் பொருந்தும் பட்டியல் வரும், ஸ்டூடியோக்காரர்கள் மாறிய பிறகு நீங்கள் மாறினால் போதும்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். மேக் மினி பழுதானால் கொழுந்தனார் கடையில் பாகம் மாற்ற முடியாது, சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் வேலை எதையும் உள் டிஸ்க்கில் மட்டும் வைக்காதீர்கள். முதல் சில பில்கள் கைக்கு வந்ததும் கொழுந்தனாரிடம் சுமாரான ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதே ஐலாக்கைப் பிடுங்கி அங்கே செருகினால் அதே உரிமம் ஓடும். இரண்டாவது மெஷின் இருக்கிறது என்பதே ஸ்டூடியோக்காரர்களுக்குப் பெரிய நம்பிக்கை.

அட்மாஸ் இப்போது வேண்டாம். மென்பொருள் பக்கம் அது நெருங்கிவிட்டது உண்மைதான், ஆனால் 7.1.4 என்றால் பன்னிரண்டு ஸ்பீக்கர், அதற்கேற்ற அறை. ஹெட்ஃபோனில் கேட்டுப் பழகலாம், படத்தை அதை நம்பி மிக்ஸ் செய்ய முடியாது. உங்களைத் தேடி வருவது டயலாக் வேலை. ஓடிடி நிறுவனங்கள் பல, வசனத்தின் அளவை வைத்தே முழு மிக்ஸையும் அளக்கின்றன; நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் மைனஸ் 27 என்ற ஒலி அளவு அப்படி அளப்பதுதான். நல்ல டயலாக் எடிட்டருக்கு வேலை குறையப்போவதில்லை.

பில் எல்லாமே உங்கள் பெயரில் இருக்கட்டும், கணவர் பெயரிலோ கொழுந்தனார் கடைப் பெயரிலோ வேண்டாம். கணக்குப் புத்தகம் வைத்து வருமான வரி கட்டினால் கம்ப்யூட்டருக்கு வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை; பதியாவிட்டால் மெஷினுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. இதை ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

மலையிலிருந்து சினிமா வேலையா என்று உறவுக்காரர்கள் சிரிப்பதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவைத் தொடங்கியது அதே ஏற்காடு சாலையில்தான். அந்த ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தானே அவர்கள் எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

மெஷின் வந்ததும் உடனே வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். முடிந்துபோன பழைய படம் ஒன்றிலிருந்து ஒரு ரீலைக் கேட்டு வாங்குங்கள். ஏஏஎஃப் திறந்து, ஐந்து நிமிடம் எடிட் செய்து, திருப்பி அனுப்பி, அவர்கள் மிக்ஸ் அறையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபைபரில் 50 எம்பிபிஎஸ் அப்லோடு கிடைத்தால் 10 ஜிபி அரை மணி நேரத்தில் போய்விடும். உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று அன்றே தெரிந்துவிடும், டெலிவரி தேதியை அதை வைத்துப் பேசலாம். பிளக்-இன் எது விடுபட்டது, உதடு எத்தனை ஃபிரேம் தள்ளியது என்று அவர்கள் சொல்வதை எழுதி வைத்துச் சரிசெய்து, இன்னொரு முறை அனுப்புங்கள். அதுவும் சரியாகத் திறந்த பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள்.